காசிமாயனின் ‘எஸ் சார்’

12.3.1973: இரண்டு காதுக்கும் சேர்த்து 15 சதவீதம். பென்ஷன் இல்லை.
3.7.1975: ஜீப் வேலை போனது. மாதம் ரூ. 150 சம்பளம் நின்றது.
9.2.1976: மேல்முறையீடு. பதிவுத் தபால் ரூ. 2.65.
22.8.1977: மறுசோதனை. இருவர் பயணச் செலவு ரூ. 61.40.

பீரங்கிப் படையிலிருந்து போடிக்குத் திரும்பிய காசிமாயனின் காதுக்குள் சில்வண்டு ஓயாமல் கத்தியது. வேறெதுவும் சரியாகக் கேட்கவில்லை. இருபது சதவீத ஊனம் இருந்தால்தான் பென்ஷன். முதல் சோதனையில் அதைக் கெடுத்தது அவர் வாய்தான். அதிகாரி உதட்டை அசைத்தாலே போதும், “எஸ் சார்!” என்று விறைத்து நிற்பார். ‘நன்றாகக் கேட்கிறது’ என்று எழுதி, பதினைந்து சதவீதத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

பிறகு ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டினார். போடிமெட்டு வளைவில் லாரி ஹாரன் கேட்காமல் ஜீப்பை மலையில் உரசிய அன்று, உள்ளே இருந்த பெண்கள் “நாங்க நடந்தே போறோம்ணே” என்று இறங்கிவிட்டார்கள். முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார். இனி பென்ஷன் வந்தால்தான் வீட்டில் உலை.

மனைவி பாண்டியம்மாள் அவரைப் பழக்கினாள். அவருடைய ராணுவத் தொப்பியைத் தன் கொண்டைமேல் கவிழ்த்துக்கொண்டு எதிரே நின்று வாயை அசைப்பாள். “எஸ் சா…” என்றால் அகப்பைக் காம்பால் ஒரு தட்டு.

“கேக்கலைன்னா வாயப் பொத்திக்கிட்டு இருய்யா!” என்று காதோரம் கத்துவாள்.

“ஆபீசருக்குப் பதில் சொல்லாம இருந்தா மரியாதையாடி?”

ஒரு மாதத்தில் வாய் அடங்கியது.

ராணுவ ஆஸ்பத்திரியில் நடந்த மறுசோதனையில் டாக்டர் அவர் பெயரைக் கேட்டார். காசிமாயன் கல்லாக நின்றார். டாக்டர் பழைய காகிதத்தைப் புரட்டினார்.

“அன்னைக்கு எல்லாம் கேட்டிருக்கு, இன்னைக்குப் பேருகூடக் கேக்கலையா? இது நடிப்பு. பென்ஷன் கிடையாது, ஊருக்குப் போகலாம்!”

கூட வந்திருந்த பாண்டியம்மாள் ஓரடி முன்னால் வந்தாள். டாக்டர் எழுந்ததைக் கண்டதும் காசிமாயனின் கால்கள் தாமாகச் சேர்ந்தன.

“எஸ் சார்! ரொம்ப சந்தோசம் சார்!”

டாக்டர் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு குரலை மாற்றாமல், “இந்த ஆஸ்பத்திரியத் தூக்கிட்டுப் போய் போடியில வைக்கிறீரா?” என்றார்.

“எஸ் சார்!”

டாக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காது சோதிக்கும் கருவியைக் கொண்டுவரச் சொல்லி ஒரு மணி நேரம் சோதித்தார். கடைசியில் பாண்டியம்மாளிடம், “வீட்டுலயும் இப்படித்தானாம்மா?” என்றார்.

“வீட்டுல எங்க சார் எஸ் சாரு? எதச் சொன்னாலும் மாட்டேன்தான்.”

நாற்பது சதவீதம் என்ற கடிதத்தைத் தபால்காரர் வீரணன்தான் படித்துக் காட்டினார். அவர் போட்டிருந்ததும் காக்கிச் சீருடைதான்; காசிமாயன் விறைத்து நின்று “எஸ் சார்!” என்றார். பாண்டியம்மாள் அன்று அகப்பையைத் தேடவில்லை.

கடிதம் வந்த நாள் 19.1.1978.