பஸ்ஸில் குளித்த பந்தயக் கார்

உள்ளங்கை அளவு பொம்மைப் பந்தயக் கார் ஒன்றை நானே துண்டு துண்டாக ஒட்டி, பெயின்ட் அடித்து, ஒரு மாதமாக உட்கார்ந்து அழுக்காக்கினேன்.

சாக்பீஸ் தூளில் புழுதி, டயரோரம் கரி, இன்ஜின் பக்கம் எண்ணெய்க் கறை. ரேஸ் ஓடி முடித்த வண்டி போல இருந்தால்தான் இன்றைக்கு சேலம் பொம்மை வண்டிக் கண்காட்சியில் இடம் கொடுப்பார்கள்.

நாமக்கல்லில் பஸ் ஏறி மடியில் வைத்திருந்தேன். எதிர் சீட்டில் ஒரு லாரிக்காரர் வீட்டு அம்மணி.

"ஏனுங்கய்யா, பேரனுக்குங்களா? இத்தன அழுக்கா இருக்குது?"

"எனக்குத்தானுங்க. ஒரு மாசமா குளிக்காத வண்டிங்க."

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா! எங்கூட்டு லாரிகூட இப்படி ரோட்டுக்குப் போவாதுங்க."

வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம்.

"அப்ப நீங்களே குளிப்பாட்டி உடுங்க அம்மணி" என்று கேலி பேசினேன்.

அவர் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. வண்டியை வாங்கினார், பாட்டில் தண்ணீரில் முந்தானையை நனைத்தார், ஒரு பக்கம் முழுக்கத் துடைத்தார். பானெட்டில் குங்குமப் பொட்டும் வைத்துவிட்டார்.

"போதுமுங்க சாமி!" என்று பிடுங்கிக்கொண்டேன்.

சேலத்தில் கண்காட்சி நடத்தும் தம்பி வண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்கய்யா, ஒரு பக்கம் மட்டும் கழுவியிருக்குது?"

"பாதி கழுவறதுக்குள்ள அடுத்த ரேஸுக்குக் கூப்புட்டுட்டாங்க தம்பி."

சிரித்துக்கொண்டே முன்வரிசையில் வைத்தார்.

வந்தவர்கள் எல்லாரும் பொட்டைத்தான் போட்டோ எடுத்தார்கள். என் எண்ணெய்க் கறையை ஒருத்தரும் சீந்தவில்லை.

மறுபக்கத்தையும் கழுவிவிடவா, அழுக்காகவே விடவா? சொல்லுங்கள். அந்த அம்மணி மட்டும் சொல்ல வேண்டாம்.