சுமைதாங்கிக்கு வைத்த பங்கு

கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகப் பாதையோரம் சுமைதாங்கிக் கல் நடுவது எம் முன்னோர் கடல் கடந்து கொணர்ந்த வழக்கம். அவள் இறக்கிவைக்காத சுமைக்கு ஈடாக, பிறர் தம் சுமையை அதன்மீது இறக்கி இளைப்பாறினால் அவள் மனம் ஆறும் என்பது நம்பிக்கை. கந்தப்பளையில் எங்கள் வீட்டிலிருந்து தேயிலை மலைக்கு ஏறும் பாதையில் அத்தகைய கல் ஒன்று நிற்கிறது. என் மனைவியின் தமக்கைக்காக நடப்பட்டது. கொழுந்துக் கூடையை அதில் இறக்கும் பெண்கள் இன்றும் ஒரு கணம் பேச்சை நிறுத்துவர்.

வயிற்றுப் பிள்ளை மிகப் பெருத்ததனாலேயே அவர் இறந்தார் என அக்குடும்பத்தில் உறுதியாகக் கூறினர். கருவுற்றவள் அரைவயிறே உண்ண வேண்டும் என்பது அவர்களிடையே எழுதாச் சட்டம்.

இவ்வாண்டு என் மருமகள் கருவுற்றாள். ஆறாம் திங்களில் வீட்டுக்கு வந்த மருத்துவ மாது முகஞ்சுளித்தார்.

"எடை ஏறவே இல்லையே. ரத்தமும் கொறைவா இருக்கு. முட்டை, கீரை, பருப்பு எல்லாம் நல்லா சாப்பிடணும். காலையில கொஞ்ச தூரம் நடங்க. இப்பிடியே போனா புள்ளைக்கு ஆகாதுங்க."

அவர் சென்றதும் மனைவி சொன்னாள்: "நடக்கணும்னா வாசல்ல நடக்கட்டும். அந்தக் கல்லுப்பக்கம் மட்டும் வேணாம்."

"வாசல்ல ரெண்டு எட்டு வச்சா சுவரு இடிக்குது அத்தே. நான் என்ன கட்டிப்போட்ட மாடா?" என்று மருமகள் சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை.

அதன்பின் நாள்தோறும் ஒரு முட்டை அவிந்தது. மருமகளின் தட்டுக்கு வந்ததோ பாதி. மறுபாதியை மனைவி கீரையோடும் சோற்றோடும் இலையில் பொதிந்து, பனிமூட்டம் கலையுமுன் சுமைதாங்கியின் அடியில் வைத்துவருவாள். பசியாறிய தமக்கை இப்பிள்ளையை நாட மாட்டாள் என்பது அவள் எண்ணம். மூட்டத்தில் அக்கல்லைத் தொலைவிலிருந்து நோக்கினால் எவரோ குந்தியிருப்பது போலவே தோன்றும். வாழ்நாளெல்லாம் நான் கற்ற நூல்கள் அவ்வேளையில் எனக்குத் துணைவருவதில்லை.

ஒருநாள் காலை மருமகளை வீட்டில் காணவில்லை. மனைவி செருப்புமின்றி மேட்டுப்பாதையில் ஓடினாள். நானும் பின்தொடர்ந்தேன். கல்லருகே ஓர் உருவம் அமர்ந்திருந்தது.

"அக்கா…" என்றாள் மனைவி. அக்குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

உருவம் திரும்பியது. மருமகள்தான். மடியில் விரித்த இலை. கன்னத்தில் அதக்கிய முட்டை.

"அடி பாவி! படைச்சதத் தின்னுட்டியே! அது அவ பங்குடி!"

"என் பங்குதான் அத்தே. நாலஞ்சு நாளா நடந்து வந்து சாப்பிடுறேன். பெரியத்தை ஒண்ணும் கோவிச்சுக்கல. நாயி தின்னா பேசாம இருக்கீங்க, நான் தின்னா பாவியா?"

மனைவி கல்லைப் பற்றியபடி நிலத்தில் அமர்ந்துவிட்டாள்.

"கடைசியில அவ எலும்புந் தோலுமாத்தான் கெடந்தா. பசிக்குது, பசிக்குதுன்னா. புள்ள பெருத்துரும்னு எங்கம்மா குடுக்கல. செத்த பொறவு, அப்பயும் பெருத்துப்போச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் அதயே சொல்லிட்டிருந்தேன்."

இத்தனை ஆண்டு இல்வாழ்வில் இதனை அவள் என்னிடம் உரைத்ததில்லை. மருமகளோ எஞ்சிய சோற்றையும் வழித்து உண்டாள்.

"நாளைக்கு முழு முட்டையா வைங்க அத்தே. ஏறி வந்தா பசி எடுக்குது."

இப்போது எட்டாம் திங்கள். எடை ஏறுகிறது என்கிறார் மருத்துவ மாது. காலையில் இருவரும் சேர்ந்தே நடந்து திரும்புகின்றனர். உணவு வேளையில் மனைவி மருமகளின் எதிரே அமர்ந்து, ஒவ்வொரு கவளமும் தொண்டையில் இறங்கும்வரை விழி எடுக்காது பார்த்திருக்கிறாள். நேற்று அகப்பையை நீட்டி, "இன்னுங் கொஞ்சம் போட்டுக்க அக்கா" என்றாள்.

மருமகள் என்னை ஒருமுறை பார்த்தாள். பின்பு தட்டை நீட்டினாள்.