நான் நிறுத்தச் சொன்ன மாத்திரை

ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் மூன்றும் முடிந்த அன்று டாக்டர் சொன்னார்: "உங்க கட்டி ஹார்மோனால வளர்ற வகை. திரும்ப வராம இருக்க தினமும் ஒரு மாத்திரை போடணும். அஞ்சு வருஷம்." இவ்வளவுதானா என்று எனக்குச் சிரிப்பே வந்தது. இடது மார்பையும் தலைமுடியையும் கொடுத்துவிட்டு வந்தவளுக்கு ஒரு மாத்திரை என்ன பெரிய விஷயம்? அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அதே நாளில் அதே மாத்திரைக்குச் சீட்டு வாங்கிய இன்னொருத்தி இருந்தாள். ரேடியேஷனுக்குக் காத்திருந்த ஐந்து வாரமும் என் பக்கத்து நாற்காலி அவளுடையது. பீர்க்கன்கரணையில் வீடு. ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் கம்பெனியில் டெய்லர். புருஷன் இல்லை, ஒரே மகள். என்னைவிட இரண்டு வயதுதான் சின்னவள். ஆனாலும் நான் அவளை வா, போ என்பேன், அவள் என்னை டீச்சர் என்பாள். ரிப்போர்ட்டில் இருக்கிற இங்கிலீஷை நான்தான் படித்துச் சொல்வேன். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினாள். எனக்கும் அது பிடித்திருந்தது.

இரண்டாவது மாதத்தில் மாத்திரை வேலையைக் காட்டியது. காலையில் விரல்கள் மடங்காது. பேஸ்ட் மூடியைத் திறக்க முடியாது. எழுந்து முதல் பத்து அடி வைக்கச் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே நெஞ்சிலிருந்து அனல் கிளம்பிக் கழுத்துக்கும் முகத்துக்கும் ஏறும். ஜாக்கெட் நனையும். மார்பு இருந்த இடத்தில் வைத்திருக்கும் பஞ்சும் நனைந்து கனக்கும். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

என் கணவருக்கு மறைமலை நகரில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்தவரிடம் வலிக்கிறது என்றால், "கேன்சரையே தாங்கிட்ட, மூட்டு வலிக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்பார். ஒருநாள் சப்பாத்தி மாவு பிசைய முடியாமல் நின்று அழுதேன். அவர் மாவை அப்படியே வழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். "எல்லாருக்கும் ஆபரேஷனோட முடிஞ்சிடுது. உனக்குத்தான் முடியவே மாட்டேங்குது," என்று சொல்லிவிட்டு ஹோட்டலுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தார். எனக்கு எதுவும் வாங்கி வரவில்லை.

மறுநாள் மாத்திரையை நிறுத்தினேன். யாரையும் கேட்கவில்லை. சில வாரங்களில் தாம்பரம் ஸ்டேஷன் படிகளைக் கம்பி பிடிக்காமல் ஏறினேன். அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவளுக்குப் போன் போட்டு, எப்படி இருக்கே என்றேன்.

"இன்னாத்த சொல்றது டீச்சர், வெரலே மடங்க மாட்டேங்குது. துணி வழுக்கிகினு போவுது. சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் திட்டிகினே கீறான்."

"நான் நிறுத்திட்டேன். இப்ப எவ்வளவு நல்லா இருக்கேன் தெரியுமா?"

"நிறுத்தலாமா? அஞ்சு வருசம்னாரே டாக்டரு."

"கட்டியைத்தான் எடுத்தாச்சே. நான் படிச்சவ, தெரியாமலா செய்வேன்?"

"அப்ப நானும் வுட்டுர்றேன் டீச்சர்," என்று சிரித்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் அவள் சிரித்துக் கேட்டேன். டாக்டர் கேட்டால் ஒழுங்காகப் போடுகிறேன் என்று சொல்லிவிடு என்பதையும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

ஆனால் செப்டம்பர் செக்கப்பில் என் முறை வந்தபோது நானே மாட்டிக்கொண்டேன். இப்போது வலியே இல்லை டாக்டர் என்று வாய்தவறிச் சொன்னதும் அவர் பேனாவை மூடி வைத்தார். "எத்தனை நாளா போடல?" சொன்னேன். அவர் கத்தவில்லை. எங்கேயாவது தப்பி ஒளிந்திருக்கும் கேன்சர் செல்லைப் பட்டினி போடுவதுதான் இந்த மாத்திரையின் வேலை என்று, நான் பிள்ளைகளுக்கு விளக்குவதைப் போல எனக்கு விளக்கினார். வலி தாங்கவில்லை என்றால் வேறு மாத்திரை இருக்கிறது, சொல்லியிருக்கலாமே என்றார். அன்றைக்கே மாற்றிக் கொடுத்தார். அனல் நிற்கவில்லை. விரல் மட்டும் ஓரளவு மடங்கியது.

அவளிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும். வெளியே வந்து போனைக் கையில்கூட எடுத்தேன். படிச்சவ என்று சொன்ன வாயால் தப்பு என்று எப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிறகு அரைப்பரீட்சை வந்தது, கிறிஸ்மஸ் வந்தது, பேப்பர் திருத்தும் வேலை வந்தது. ஏழு மாதம் போயிற்று. ஒவ்வொரு நாளும் காலை இட்லிக்குப் பிறகு என் மாத்திரையை நான் போட்டுக்கொண்டேன்.

ஒருநாள் அவளே கூப்பிட்டாள். "நடு முதுகுல விண்ணு விண்ணுனு தெறிக்குது டீச்சர்."

"நாள் பூரா மெஷின்ல குனிஞ்சா வலிக்காம என்ன செய்யும்? தைலம் தேய்." அப்போதும் சொல்லவில்லை.

அடுத்து அவளைப் பார்த்தது ஆஸ்பத்திரியில், சக்கர நாற்காலியில். மகள் ஏதோ சீட்டு வாங்கப் போயிருந்தாள். "முதுகெலும்புல வந்துட்சாம்," என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தாள். "உங்களுக்கு ஒண்ணும் இல்லியே டீச்சர்? நீங்களும்தானே மாத்திர போடல? சீக்கிரம் ஸ்கேன் எடுத்துப் பாத்துருங்க."

எனக்காகத்தான் அவள் பயந்துபோயிருந்தாள். அதைத் தாங்க முடியாமல்தான் உண்மையைச் சொன்னேன்.

"நான் போட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

"எப்பலேர்ந்து?"

"போன வருஷம் செப்டம்பர்லேர்ந்து. டாக்டர் கண்டுபிடிச்சிட்டார்."

அவள் கையை உதறவில்லை. மெதுவாக எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "ஒரு போன் பண்ணிருக்கலாமே டீச்சர்," என்றாள். மகள் வந்ததும், "வண்டிய தள்ளு," என்று சொன்னாள். திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டரிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். நிறுத்தியதால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, போட்டிருந்தாலும் வந்திருக்கலாம் என்றார். அதை ஒரு வாரம் எனக்கே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். பிறகு ஆப்பிள் வாங்கிக்கொண்டு பீர்க்கன்கரணைக்குப் போனேன்.

மகள் கதவைப் பாதிதான் திறந்தாள். "அம்மா உங்கள பாக்க வேணாம்னு சொல்லிட்சு டீச்சர். கோவம்லாம் இல்லியாம். பாத்தா இன்னா பேசறதுனு தெர்லியாம்." உள்ளே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதன் சத்தத்தைக் கூட்டினார்கள். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். பையை நீட்டினேன். அந்தப் பெண் வாங்கிக்கொள்ளவில்லை.

"எப்படி இருக்கா உன் சிநேகிதி?" என்று வீட்டில் கணவர் கேட்டார். தூங்கிக்கொண்டிருந்தாள் என்றேன். அவர் ஒரு ஆப்பிளை எடுத்துக் கடித்தபடி பேப்பர் படிக்கப் போனார்.

மழைக்காலத்தில் ரிவ்யூவுக்குப் போனபோது நர்ஸ்தான் சொன்னார், "உங்க கூடவே வருவாங்களே, டெய்லர் அம்மா, போயிட்டாங்க. மூணு வாரமாச்சு, தெரியாதா?" சொல்லிக்கொண்டே என் வலது கையில் பட்டையைச் சுற்றி பி.பி. பார்த்தார். நார்மல் என்று எழுதினார். டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது, இப்படியே தொடருங்கள் என்றார்.