செருப்புக் கடைக்காரன் மனைவியின் ஓட்டம்

பெங்களூரில் செருப்புக் கடை வைத்திருக்கிறேன். என் மனைவி வெறுங்காலில் ஓடுகிறவள். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது வாடிக்கையாளர் ஒருவர், "என்ன சார், வீட்டம்மாவுக்கே உங்க சரக்கு மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டார். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். உள்ளுக்குள் மானம் போயிற்று.

நான் ஆம்பூர்க்காரன். அவள் ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவள், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஓட ஆரம்பித்த புதிதில் முழங்கால் வலி அவளைப் படாத பாடு படுத்தியது. கடையில் இருந்த ஷூக்களையெல்லாம் அவள் காலில் மாட்டிப் பார்த்தேன், வலி போகவில்லை. ஒருநாள் பூங்காவின் மண் பாதையில் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். குதிகால் தரையில் அறையாமல், முன்பாதம் மெல்லப் பட, சின்னச் சின்ன அடியாக. அதோடு அந்த வலி விட்டுப்போயிற்று. பிறகு மண்ணிலிருந்து சிமெண்டுக்கு, சிமெண்டிலிருந்து தாருக்கு என்று அவசரப்படாமல் பாதத்தைப் பழக்கினாள். அவள் ஓடினால் பின்னால் வருகிறவனுக்குச் சத்தமே கேட்காது. வாழ்நாளெல்லாம் ஊரார் கால்களுக்கு அளவு பார்த்தவன் நான். அவளுடையதைப் போல அழகான பாதம் ஒன்றை இதுவரை பார்த்ததில்லை. அவளிடம் சொன்னால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள் என்று இங்கே சொல்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தெருவில் படுத்துக் கிடந்த பெண்களுக்காக நீலசந்திராவில் ஒரு சின்ன இல்லம் நடந்துவந்தது. மனைவியும் அவளுடைய தோழிகள் சிலரும்தான் அதைப் பார்த்துக்கொண்டார்கள். ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். கட்டடத்தை இடிக்கப்போகிறேன், காலி செய்யுங்கள் என்று சொந்தக்காரர் சொல்லிவிட்டார். வேறு வீடு தேடிப் போன இடங்களில், "பிளாட்பாரத்துல இருந்தவங்களா?" என்ற கேள்வியோடு கதவு சாத்திக்கொண்டது. கடைசியில் இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுக்கார அம்மா அரைமனதாகச் சம்மதித்தார். ஆனால் பத்து மாத வாடகை அட்வான்ஸ். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் முழுசாக வரவேண்டும், வராவிட்டால் காத்திருக்கும் வேறொரு குடும்பத்துக்கு விட்டுவிடுவார். அப்படி நடந்தால் அந்தப் பெண்களுக்கு மறுபடியும் மேம்பாலத்தடிதான்.

தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் அத்திபெலேயிலிருந்து நீலசந்திரா வரை சுமார் முப்பது கிலோமீட்டர் ஓடுகிறேன், ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் உங்களால் முடிந்ததைக் கொடுங்கள் என்று மனைவி தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டாள். சர்ச் ஆட்கள், பழைய மாணவர்கள், ஏன், என்னைக் கேலி செய்த அந்த வாடிக்கையாளர்கூட ஒப்புக்கொண்டார். அவள் பாதி வழியில் நின்றால் பாதிப் பணம்தான் வரும்.

ஞாயிறு விடிகிற நேரத்தில் அத்திபெலே செக்போஸ்ட் அருகே கிளம்பினாள். நான் பின்னால் ஸ்கூட்டரில். தண்ணீர், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, பஞ்சு, பிளாஸ்திரி எல்லாம் இருந்தன. அவளுக்குத் தெரியாமல் கடையிலேயே விலை கூடிய ஷூ ஒரு ஜோடியையும் டிக்கியில் போட்டுவைத்திருந்தேன்.

வெறுங்காலோடு ஒரு பெண் ஓடினால் நம் ஆட்கள் என்ன நினைப்பார்கள்? வேண்டுதல் என்றுதான். டீக்கடையில் நின்ற லாரிக்காரர் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "உண்டியல்ல போட்டுடும்மா" என்று ஒரு ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டினார். வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே? இவள் நின்று, கோயிலுக்கு இல்லை, வீடில்லாத பெண்களுக்காக என்று விளக்கினாள். மனுஷன் நோட்டை மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு டீயைக் குடிக்கப் போய்விட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சாமி பேரைச் சொல்லிக் குடுத்தா என்ன, நல்லதுக்குத்தானே போகுது?" என்று ஸ்கூட்டரில் இருந்தபடியே கத்தினேன்.

"அவர் சாமிக்குக் குடுத்தாருங்க. நான் எப்படி எடுக்கறது?" என்று சொல்லிவிட்டு ஓடிக்கொண்டேயிருந்தாள்.

சந்தாபுராவில் பூ விற்கும் ஓர் அம்மா வழிமறித்து, குடத்துத் தண்ணீரை அவள் பாதத்தில் ஊற்றினார். "எந்தக் கோயிலுக்கும்மா வேண்டிக்கினே?"

"நான் சர்ச்சுக்குப் போறவம்மா. வேண்டுதல் இல்ல. சில பொம்பளைங்களுக்கு வீடு புடிக்கணும், அட்வான்ஸுக்காக ஓடுறேன்."

"அட்வான்ஸுக்கா!" பூக்கார அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். "இந்த ஊர்ல அதுக்கு வேண்டிக்கினாலும் தப்பில்லம்மா." இடுப்புப் பையிலிருந்து கொஞ்சம் சில்லறை நோட்டுகளை எடுத்து, அவளிடம் தராமல் என் சட்டைப் பையில் திணித்தார். அவள் திருப்பிக் கொடுத்துவிடுவாள் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது போலும்.

பொம்மனஹள்ளி சர்வீஸ் ரோட்டில் அது நடந்தது. ஒரு கண்ணாடித் துண்டு வலது பாதத்தில் ஏறிவிட்டது. நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து அவளே பிடுங்கி எறிந்தாள். ரத்தம் நிற்கவில்லை. வெயிலும் ஏறிவிட்டது. நான் பஞ்சு வைத்து அழுத்தி, பிளாஸ்திரியால் கட்டுப் போட்டேன்.

"போதும், திரும்பிடலாம். இதுவரைக்கும் வந்த பணம் வரட்டும்."

"பாதி அட்வான்ஸுக்குப் பாதி வீடா குடுப்பாங்க? சும்னே இருங்க. டிக்கியில இருக்கற ஷூவை எடுங்க."

அது அங்கே இருப்பது அவளுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. எடுத்துக் கொடுத்தேன், போட்டுக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் நடை கோணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஷூவைக் கழற்றி என்னிடம் நீட்டி, "நல்ல ஷூதாங்க. என் காலுக்குத்தான் மறந்துபோச்சு" என்றாள். அந்த நிலைமையிலும் என் கடையை விட்டுக்கொடுக்கவில்லை. கட்டுக்கு மேல் என் கர்ச்சீப்பைச் சுற்றி இறுக்கிக்கொண்டு மறுபடி ஓடத் தொடங்கினாள். மடிவாளாவைத் தாண்டும்போது கர்ச்சீப் முழுதும் சிவந்துவிட்டது. ஹெல்மெட்டுக்குள் நான் அழுதேன். அவளுக்குத் தெரியாது.

மதியத்துக்கு முன்பே நீலசந்திரா சந்துக்குள் நுழைந்துவிட்டோம். புது வீட்டு வாசலில் தோழிகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். சொன்னவர்கள் எல்லாரும் அனுப்பிவிட்டார்கள், அட்வான்ஸ் முழுசாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. வீட்டுக்கார அம்மா என் மனைவியின் காலைப் பார்த்தார், சாவியை எடுத்து நீட்டினார். மனைவி அதை வாங்கி, இல்லத்துப் பெண்களிலேயே வயதான பெண்மணியிடம் கொடுத்தாள்.

பெண்கள் எல்லாரும் துணி மூட்டைகளோடு தெருவிலேயே நின்றார்கள். ஒருவரும் படியேறவில்லை. அந்த வயதான பெண்மணி கதவைத் திறந்தார், வாசல் தொட்டித் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டார், பிறகும் வாசற்படியில் தயங்கி என் மனைவியைப் பார்த்தார்.

"உள்ள போலாமாம்மா?"

"என்னை ஏன் கேக்கறீங்க? உங்க வீடு. நான் உள்ள வரலாமான்னு நீங்கதான் சொல்லணும்."

அவர் தன் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். உள்ளே எட்டி, பெருக்கித் துடைத்திருந்த தரையைப் பார்த்தார். அப்புறம் தாரும் புழுதியும் ரத்தமும் அப்பியிருந்த என் மனைவியின் பாதங்களைப் பார்த்தார்.

"காலைக் கழுவிக்கினு வாம்மா," என்றார். "தரையெல்லாம் அழுக்காயிடும்."