பேசிக்கொண்டே ஓடினேன்

செல்லக்குட்டி, இன்று காலை உன் அம்மா நான் நம்ம மும்பை மாட்டுங்கா பார்க்கில் ஓடினேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டுதான். சிரிக்காதே.

உன்னை அடக்கம் பண்ணின பிறகு வீட்டிலேயே கிடந்தேன். சுகர் ஏறிவிட்டது. டாக்டர் மெதுவாக ஓடிப் பழகச் சொன்னார்.

கொஞ்ச தூரத்திலேயே மூச்சு முட்டி நின்றுவிட்டேன். உன் வயசுப் பெண் ஒருத்தி ஓடி வந்தாள்.

"ஆண்ட்டி, ஆராம்சே, மெதுவா ஓடுங்க. பேசிக்கிட்டே ஓட முடியணும். அதான் சரியான ஸ்பீடு."

"பேசுததுக்கு எனக்கு யாரு இருக்கா?" என்று கேட்பதற்குள் அவள் போய்விட்டாள்.

அதனால் உன்னிடம் பேசினேன். தம்பி பாஸ் ஆனதை, அப்பா இப்போது தானே டீ போட்டுக்கொள்வதை, எல்லாம் சொன்னேன். ஒரு சுற்று முழுசாக வந்துவிட்டேன்!

எதிரே பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா வந்தாள்.

"ஏட்டி, யாருகிட்ட பேசிக்கிட்டு ஓடுத? காதுல போனையும் காணும்?"

"எம்மவகிட்டக்கா."

கேலிக்காரி அவள். இன்று கேலியை விட்டுத் திரும்பி என் கூடவே வந்தாள்.

ஒன்று மட்டும் உன்னிடம் பொய் சொன்னேன். வீட்டில் எல்லாரும் நல்லாயிருக்கோம் என்றேன். உண்மையைச் சொன்னால் அழுகை வரும், அழுதால் ஓட முடியாது.

நம்பிவிட்டாயா குட்டி?