அக்காவின் இடது புருவம்

எங்கள் அக்காவுக்குப் பார்சல் கம்பெனியில் போன் எடுக்கிற வேலை. எவனுடைய பார்சல் காணாமல் போனாலும் அவள்தான் வாங்கிக் கட்டிக்கொள்வாள். வலது கையில் போன் இருக்கும், இடது கை சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருக்கும் கைதான் வில்லன்.

அது அப்போது எனக்குத் தெரியாது. ஒருநாள் காலையில் விளையாட்டுக்கு அவளுடைய புருவப் பென்சிலை ஒளித்துவைத்தேன். அக்கா குளியலறையை விட்டு வெளியே வரவே இல்லை.

"ஏய் குரங்கே, குடுத்துடுடி. ஆபீஸ் போகணும்டி."

கதவிடுக்கில் பார்த்தேன். புருவம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல், நாலைந்து முடி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளே பிடுங்கியதாம். பிடுங்குவது பல நேரம் அவளுக்கே தெரியாதாம். "கைய எடுடி!" என்று அம்மா கத்துவதை ஏதோ மரியாதைப் பாடம் என்றல்லவா நினைத்திருந்தேன்!

அந்த வாரமே மனநல ஆலோசகரிடம் போனோம். "திட்டினா இது நிக்காதும்மா" என்று அம்மாவிடம் சொன்னார் அவர். அக்காவிடம், "கை மேல போறத முதல்ல கவனிங்க. போச்சுன்னா விரல மடக்கி ஒரு நிமிஷம் வெச்சிருங்க." என்னிடம், "நீ அதட்டாம ஞாபகப்படுத்து" என்றார்.

அக்கா இடது கையில் வாட்ச் கட்டிக்கொண்டாள். கை மேலே போனால் நான் மணி கேட்பேன். பார்க்கக் கை இறங்கும். விநாடி முள் ஒரு சுற்று வரும்வரை விரல் மடங்கியே இருக்கும். ஒரே சாயங்காலத்தில் பதினேழு தடவை கேட்டேன்.

"ஒன்பதாவதுல ஃபெயிலானவளுக்கு எதுக்கு இத்தனை மணி?" என்று என்னைக் கிண்டலடித்தார் அப்பா.

இரண்டு மாதத்தில் புருவம் அரும்பியது. ஆபீஸ் அடையாள அட்டைக்குப் பென்சில் தீட்டாமல் போட்டோ எடுப்பேன் என்றாள் அக்கா. அதற்கு முந்தின நாள் பார்த்து எவனோ ஒருவன் காணாமல் போன குக்கருக்காக நாற்பது நிமிடம் போனில் கத்தினான். மணி கேட்க அங்கே நான் இல்லை. வீட்டுக்கு வந்தபோது இடது புருவத்தில் பாதி இல்லை.

"எல்லாம் போச்சுடி."

நக்கலடிக்க வாயைத் திறந்தேன், வரவில்லை. "பாதி இருக்கேக்கா. முன்ன அதுவும் இல்லையே" என்றேன்.

காலையில் கண்ணாடி முன் வெகுநேரம் நின்றவள், பென்சிலை என் கையில் திணித்தாள்.

"ஒளிச்சு வை. போட்டோ எடுக்குற வரைக்கும் நான் அழுதாலும் குடுக்காத."

நான் அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு கூடவே நடந்தேன். ஸ்டூடியோ வாசலில் அவள் இடது கை மெல்ல மேலே போனது.

"அக்கா, மணி என்ன?"

"பத்தே கால்."

விரலை மடக்கிக்கொண்டாள். முள் ஒரு சுற்று வரும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அக்கா உள்ளே போனாள். பென்சிலைக் கேட்கவில்லை.