தங்கைக்குச் செய்து கொடுத்த விளக்கு

இரண்டு வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதத்தில், ராமேசுவரம் தீவில் உள்ள எங்கள் ஊரான அக்காள்மடத்தில் நடந்தது இது. யாரிடமும் இதை நான் முழுதாகச் சொன்னதில்லை.

நான் பாம்பனில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். மத்தியானம் கடையில் ஆளே இருக்காது. சும்மா இருக்கிற அந்த நேரத்தில் போனில் எலக்ட்ரானிக்ஸ் வீடியோக்கள் பார்க்க ஆரம்பித்தேன். பிறகு ஆன்லைனில் ஒரு பெட்டியும் வாங்கினேன். உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு போர்டு, நாலைந்து சென்சார்கள், கலர் கலராக ஒயர்கள், பட்டாணி அளவு விளக்குகள். கம்ப்யூட்டரில் சில வரிகள் எழுதி அந்த போர்டில் ஏற்றிவிட்டால், நாம் எழுதியபடி அது நடக்கும். முதல் நாள் ஒரு விளக்கை விநாடிக்கு ஒருமுறை எரிந்து அணைய வைத்தேன். அதையே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தாறு வயதில், ஒன்று என் பேச்சைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

என் தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. அக்காள் தங்கை எங்களுக்குள் எல்லாமே கைஜாடைதான். அவள் வீட்டுக்காரர் போட்டில் கடலுக்குப் போகிறவர். போனால் மறுநாள்தான் வருவார். அப்போது அவர்களுக்கு ஏழு மாதத்தில் ஒரு பெண் குழந்தை. அழுதால் கேட்காதே என்ற பயத்தில், துணி துவைக்கப் போனாலும் தங்கை குழந்தையை இடுப்பைவிட்டு இறக்க மாட்டாள். முதுகுவலியால் அவள் படுகிற பாட்டைப் பார்த்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. குழந்தை அழுதால் விளக்கு எரிய வேண்டும்.

மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். முதலில் குக்கர் விசிலுக்கு எரிந்தது, மீன்காரம்மா கூப்பிட்டதற்கு எரிந்தது. சத்த அளவுக்கான எண்களை மாற்றி மாற்றிப் போட்டதில் ஒருவழியாகச் சரியானது. போர்டைத் தங்கை வீட்டுக்குள் சுவரில் மாட்டி, விளக்கை மட்டும் கொல்லையில் துவைக்கிற கல்லுக்கு எதிரே வைத்தேன். குழந்தை அழுதது, விளக்கு எரிந்தது, தங்கை ஓடினாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவள், என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். நான் பள்ளியில் ஒரு பரிசுகூட வாங்கியதில்லை.

ஒன்றை மட்டும் நான் சரியாகச் செய்யவில்லை. போன் சார்ஜரிலிருந்து போர்டுக்குக் கரன்ட் வருகிற ஒயரை ஈயம் உருக்கிப் பற்றவைத்து இணைக்க வேண்டும் என்று எல்லா வீடியோவிலும் சொன்னார்கள். எனக்கு அந்தச் சூட்டுக்கோலைத் தொடவே பயம். ஒயரை முறுக்கி டேப் ஒட்டிவிட்டு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். இரண்டு மாதம் எந்தக் குறையும் இல்லாமல் வேலை செய்ததால், அந்த அப்புறம் வரவே இல்லை.

அந்த ஆடியில் ஒரு நாள், மேற்கேயிருந்து வரும் கச்சான் காற்று பேயாக அடித்தது. மத்தியானம் கடையில் இருந்தபோது தங்கையின் பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தார்.

"பிள்ளைக்குக் கை நசுங்கிப்போச்சு. ஒடனே வா."

பாயில் தூங்கிய குழந்தை விழித்து, தவழ்ந்து வாசல் கதவிடம் போயிருக்கிறது. கீல் பக்கத்து இடுக்கில் விரலை விட்ட நேரம் பார்த்துக் காற்றில் கதவு சாத்திக்கொண்டது. காற்று கதவை விடவே இல்லை. குழந்தை கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப்போயிருந்தது. தங்கையோ கொல்லையில் துவைத்துக்கொண்டே, நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து விளக்கைப் பார்த்திருக்கிறாள். அது எரியவில்லை. துவைத்து முடித்து உள்ளே வந்த பிறகுதான் குழந்தையைப் பார்த்திருக்கிறாள்.

"ரொம்ப நேரமா பிள்ளை சத்தம் கேட்டுச்சு. அதான் லைட்டு எரியுமே, அவ வந்துருவான்னு இருந்துட்டேன்," என்று பக்கத்து வீட்டு அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் டாக்டர், "எவ்வளவு நேரம் மாட்டியிருந்துச்சு?" என்று கேட்டார். எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அவர் என்ன கேட்கிறார் என்று தங்கை ஜாடையில் என்னிடம் கேட்டாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். வலது கையில் இரண்டு விரல்களின் நுனிக்கணுவை எடுக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் கடலிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்த தங்கை வீட்டுக்காரர், குழந்தையின் கட்டுப்போட்ட கையைத் தன் கையில் ஏந்திப் பார்த்தார். பிறகு, "விடுங்க மதினி, நீங்க நல்லதுக்குத்தான செஞ்சீக," என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சமாவது தேவலையாக இருந்திருக்கும்.

மாற்றுத்துணி எடுக்க நான் மட்டும் ஊருக்கு வந்தேன். தங்கை வீட்டுச் சுவரில் போர்டு செத்துக் கிடந்தது. டேப்பைப் பிரித்தால், உப்புக்காற்றில் செம்புக்கம்பி பச்சைக் களிம்பு பூத்து ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்தது. இரண்டு முனைகளையும் விரலால் அழுத்திப் பிடித்தபடி போர்டுக்குக் கிட்டே போய்க் கத்தினேன். கொல்லையில் விளக்கு உடனே எரிந்தது.

நாலைந்து நாள் கழித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தபோது, என்ன ஆனது என்று தங்கை கேட்டாள். ஒயர், உப்பு, டேப் எல்லாவற்றையும் ஜாடையில் சொல்லி முடித்தேன். அவள் கையை விரித்துக் காட்டினாள்: விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கட்டும். விரல்களை மூடினாள்: பிள்ளை அழுதால் அணையட்டும். உன் ஒயர் அறுந்தாலும் அணையும், கரன்ட் போனாலும் அணையும். அணைந்தால் நான் ஓடி வந்து பார்த்துவிடுவேன்.

மூன்றாம் வகுப்போடு நின்றவள் அவள். இத்தனை வாரம் வீடியோ பார்த்த எனக்கு இது தோன்றவே இல்லை. விளக்கு அணைந்திருந்தால் எல்லாம் நலம் என்றே நான் எழுதி வைத்திருந்தேன். அவள் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. அடுத்ததை எப்படிச் செய்ய வேண்டும் என்று பொறுமையாக எனக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

செய்து தருகிறேன் என்று தலையாட்டினேன். செய்யவில்லை. பெட்டியை எடுப்பேன், திறந்து பார்ப்பேன், மூடி வைத்துவிடுவேன். தங்கையும் இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். குழந்தையைப் பழையபடி இடுப்பிலேயே வைத்துக்கொண்டு எல்லா வேலையும் செய்தாள். இப்போது அந்தப் பிள்ளைக்கு மூன்று வயதாகப்போகிறது. பெரியம்மா என்று ஓடிவந்து என் கையைப் பிடிக்கும்போது அந்தக் குறைவிரல்கள் உள்ளங்கையில் படுகின்றன. ஒருவர் நம்மை நம்பித் தன் பிள்ளைமேல் இருந்த கண்ணை எடுக்கிறார் என்றால், அதற்கு நாம் எவ்வளவு பொறுப்பாக இருக்க வேண்டும் என்பது இன்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அது தெரிந்து அந்தப் பிள்ளைக்கு இனி ஆகப்போவது ஒன்றுமில்லை.